மழைக்கு வந்த கோழிச்சளி: நாட்குறிப்பு

நவம்பர் 6

பள்ளத்தூர் பக்கம் மழை விட்டபாடில்ல. காலைல கூட்டைத் திறந்தா எப்பவும் ஒண்ணை ஒண்ணு மிதிச்சுக்கிட்டு வெளிய பாயுறதுங்க இன்னைக்கு மெதுவா இறங்குச்சுங்க, கருப்புப் பெட்டை மட்டும் இறக்கையத் தொங்கப் போட்டுக்கிட்டு கட்டையிலேயே குந்தியிருக்கு. பக்கத்துல போனதும் தலைய ஒரு உதறு உதறி தும்முச்சு. புடிச்சுப் பாத்தா மூக்கு ஓட்டையில தவிடு ஒட்டிக் காஞ்சிருக்கு, ஒரு கண்ணு ஓரத்துல நுரை நுரையா தண்ணி. உடனே அதைத் தூக்கிப் பழைய மாட்டுக் கொட்டகையில பஞ்சாரம் போட்டு தனியா கவுத்துட்டேன்.

அயித்தை அதுக்குள்ள துளசி, கற்பூரவல்லி, மிளகு, மஞ்சள் எல்லாம் அம்மியில வச்சு அரைச்சு சின்ன சின்ன உருண்டையா புடிச்சாச்சு. "சளிதானே ஆத்தா, ரெண்டு வேளை குடுத்தா இறங்கிரும், டாக்டரு அது இதுன்னு அலையாத"ன்னாங்க. குடுக்கட்டும், அதுல ஒண்ணும் கெடுதல் இல்ல. ஆனா எனக்கு மனசு கேக்கல. கோழிக்கு சளின்னு நம்ம சொல்றது ஒரு நோய் இல்ல, நாலஞ்சு நோய் அதே மாதிரிதான் ஆரம்பிக்கும்.

நவம்பர் 7, ராத்திரி

பகல்ல கோழி கத்துற சத்தத்துல மூச்சு சத்தம் கேக்காது. அதனால எல்லாம் அடைஞ்சப்புறம் லைட் போடாம கூட்டுப் பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டே இருந்தேன். கொர்ர்ர்னு ஈரமா ஒரு இழுப்பு, அப்பறம் வேற மூலையில இருந்து ஒண்ணு. பெரிய சேவல்தான் ரொம்ப இழுக்குது, பகல்ல பாத்தா அது நல்லா திரியுறமாதிரிதான் இருந்துச்சு. கூட்டுக்குள்ள தலைய விட்டா கண்ணு எரியுது. சாரல் அடிச்சு உமி நனைஞ்சு எச்சத்தோட ஊறி அமோனியா கிளம்பிருக்கு. நமக்கே கண்ணு எரியுதுன்னா ராத்திரி பூரா அதுல மூச்சு விடுற கோழிக்கு தொண்டைக்குள்ள என்ன ஆகும்.

நவம்பர் 8

கருப்பிய கூடையில வச்சு மேல சாக்கு கட்டி கால்நடை மருந்தகத்துக்கு கொண்டு போனேன். டாக்டர் மருந்தைப் பத்தி பேசவே இல்ல, முதல்ல கேள்விதான். எச்சம் என்ன நிறம், கழுத்து திருகுதா, கால் இழுக்குதா, எத்தனை செத்துச்சு, எவ்வளவு வேகமா பரவுது. பச்சையா வெள்ளையா கழிஞ்சு, கழுத்து முறுக்கி, பட்டு பட்டுன்னு சாகுதுன்னா அது ராணிக்கெட், நம்ம ஊர்ல வெள்ளைக் கழிச்சல்னு சொல்றது. அது வைரஸ், அதைக் குணமாக்க மருந்தே கிடையாது, தடுப்பூசி ஒண்ணுதான். மூஞ்சி உப்பி கண்ணு மூடி, கெட்ட நாத்தத்தோட மூக்குல வழிஞ்சு, ரெண்டு மூணு நாள்லயே கூடு பூரா பரவுனா கொரைசா. இப்படி மெல்ல மெல்ல ஒண்ணொண்ணா இழுத்துக்கிட்டு, கண்ணுல நுரை கட்டி, தீனி குறைஞ்சு, ஆனா பெரிய கோழி அவ்வளவா சாகாம இருந்தா சிஆர்டி, அதாவது நாள்பட்ட மூச்சு நோய், மைக்கோபிளாஸ்மாங்கிற கிருமியால வர்றது. மொத்தமா திடீர்னு செத்துச்சுன்னா தொடாம உடனே சொல்லணும், பறவைக் காய்ச்சலா இருக்கலாம்னும் சொன்னாரு.

கருப்பி மூஞ்சிய மோந்து பாத்தாரு, வாயைத் திறந்து பாத்தாரு. நாத்தம் இல்ல, மூஞ்சி வீக்கமும் இல்ல, தடுப்பூசி ஒழுங்கா போட்டதுதான், அதனால சிஆர்டியாத்தான் தெரியுதுன்னு டைலோசின் பவுடர் எழுதிக் குடுத்தாரு. லிட்டர் தண்ணிக்கு அரை கிராம், அஞ்சு நாள், தினம் காலைல புதுசா கலக்கணும், நல்லாயிருச்சுன்னு நடுவுல நிறுத்தக் கூடாது. மருந்து ஓடுற வரைக்கும், முடிஞ்சு ஒரு வாரமும் முட்டைய யாரும் சாப்பிடக் கூடாது.

நவம்பர் 9

மருந்துத் தண்ணி வச்சாச்சு, ஆனா ஒண்ணும் குடிக்கல. ஏன் குடிக்கும், வெளிய போனா குட்டை குட்டையா மழைத் தண்ணி கிடக்குல்ல. இதை யாரும் சொல்லித் தரமாட்டாங்க, மழைக்காலத்துல தண்ணி மருந்து வேலை செய்யாம போறதுக்கு பாதிக் காரணம் இதுதான்னு எனக்குத் தோணுது. எல்லாத்தையும் அடைச்சுப் போட்டேன். நனைஞ்ச உமிய வாரி எருக்குழியில கொட்டி, தரையில சுண்ணாம்பு தூவி, காஞ்சப்புறம் புது உமி. சாரல் வர்ற பக்கம் தார்பாய், ஆனா மேல ஒரு முழம் திறந்தே விட்டிருக்கேன், குளிருதேன்னு முழுசா மூடுனா மறுபடி அதே அமோனியாதான்.

நவம்பர் 11

கருப்பிக்கு ஒரு கண்ணு திறக்கவே இல்ல. வெதுவெதுப்பான உப்புத் தண்ணியில மல்லுத் துணிய நனைச்சு கண்ணு மேல வச்சுப் புடிச்சேன், கொஞ்ச நேரத்துல ஒட்டுனது இளகிருச்சு. இமைய மெல்ல விலக்குனா உள்ள சின்ன வெண்ணெய்க்கட்டி மாதிரி ஒண்ணு, துணி முனையால தள்ளுனதும் வந்துருச்சு. கண்ணு உள்ள நல்லாதான் இருக்கு. சிமிட்டி சிமிட்டி என்னையே பாத்துச்சு, எனக்கு அழுகையே வந்துருச்சு. கைய நல்லா சோப்பு போட்டு கழுவிட்டுதான் மத்ததுகிட்ட போனேன், எப்பவும் நல்ல கோழிக்கு முதல்ல, சீக்குக் கோழிக்கு கடைசியில.

பின்னாடி வீட்டு அண்ணனுக்கும் இதே கதை. பூட்டிக் கிடக்குற செட்டியார் வீட்டுப் பின்கட்டுச் சுவர் ஓரமாத்தான் அவங்க கோழியும் நம்ம கோழியும் சேந்து கிளறும், தீபாவளிக்கு சந்தையில வாங்குன சேவல் வேற அவங்ககிட்ட இருக்கு. அவரு வீட்ல மிச்சமிருந்த அமாக்ஸிசிலின் மாத்திரைய உடைச்சுப் போட்டிருக்காரு. "அண்ணே, அந்த மருந்து கிருமியோட செல் சுவரைத்தான் ஒடைக்கும், இந்தக் கிருமிக்கு சுவரே கிடையாது, அதை எவ்வளவு போட்டாலும் கேக்காது"ன்னு சொன்னேன். கேட்டுக்கிட்டாரு. நாளைக்கு டாக்டர்கிட்ட போறேன்னாரு.

நவம்பர் 14

ஒரு குஞ்சு போயிருச்சு. சளியோட ஈ.கோலைங்கிற குடல் கிருமியும் சேந்தா குஞ்சு தாங்காதாம். ஆழமா தோண்டி சுண்ணாம்பு போட்டு புதைச்சேன், நாய் கிளறக் கூடாதுல்ல. மத்ததெல்லாம் தீனி எடுக்குது. ராத்திரி உக்காந்து கேட்டேன், சேவல்கிட்ட மட்டும் லேசா இழுப்பு இருக்கு.

நவம்பர் 22

இழுப்பு நின்னுருச்சு. கருப்பி மறுபடி எல்லாத்தையும் கொத்தி விரட்டுது.

இப்ப வீட்ல பஞ்சாயத்து வேற. கருப்பி முட்டைய அடை வைக்கணும்னு அயித்தை நிக்கிறாங்க, நல்ல சிறுவிடை நாட்டுக்கோழி வர்க்கம், விட மனசில்ல. ஆனா இந்தக் கிருமி முட்டை வழியா குஞ்சுக்கே போகும், தேறுன கோழியும் உள்ளுக்குள்ள கிருமிய வச்சுக்கிட்டுதான் இருக்கும், குளிரோ மழையோ வந்தா மறுபடி கிளப்பும். அதனால கெடு முடிஞ்சப்புறம் கருப்பி முட்டை கொழம்புக்கு மட்டும்னு சொல்லிட்டேன். அடைக்கு வேற நல்ல இடத்துல முட்டை வாங்கணும், குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்துல விசாரிக்கலாம்னு இருக்கேன். வெள்ளைக் கழிச்சல் வராம இருக்க பொரிச்ச ஏழாம் நாள் கண்ணுல சொட்டு மருந்து, எட்டாவது வாரம் இறக்கையில ஆர்டிவிகே தடுப்பூசி, இது ரெண்டும் தவறக் கூடாது. அந்தக் குஞ்சுங்களுக்கு கொட்டகைக்கு அந்தப் பக்கம் தனிக் கூடு கட்டச் சொல்லி ஆசாரிகிட்ட அளவு குடுத்தாச்சு. அயித்தை இன்னும் முகம் குடுத்துப் பேசல.