காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் கோர்ட்டில் ஒரு நாள் உட்கார்ந்து பார்க்க நினைப்பவர்களுக்கு

குற்றவியல் நீதிமன்றம் திறந்த மன்றம். பொதுமக்கள் உட்கார யாரிடமும் அனுமதி வாங்க வேண்டாம். பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் வந்த சட்டம்) 366ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. பாலியல் வன்கொடுமை போன்ற வழக்குகள் மூடிய அறையில் நடக்கும்; வெளியே போகச் சொன்னால் பேசாமல் எழுந்துவிட வேண்டும்.

காலை 10.15க்கே போய்விடுங்கள். போனை அணைத்துவிடுங்கள், படம், ஒலிப்பதிவு கூடவே கூடாது. முன்வரிசை நாற்காலிகள் வக்கீல்களுக்கு, பின் பெஞ்சு நமக்கு. நடுவர் (மாஜிஸ்திரேட்) வரும்போது எழுந்து நிற்க வேண்டும்.

முதல் ஒன்றரை மணி நேரம் அழைப்பு வேலை. டவாலி (கோர்ட் உதவியாளர்) பெயரைக் கூப்பிட, கோப்பு மேசைக்குப் போக, அடுத்த வாய்தா குறிக்கப்படும். இதைப் பார்த்துவிட்டு 'ஒன்றுமே நடக்கவில்லை' என்று கிளம்புகிறவர்கள் அதிகம். கொஞ்சம் கவனித்தால் வழக்கு ஏன் இழுக்கிறது என்பது இங்கேதான் புரியும்: சாட்சிக்குச் சம்மன் போய்ச் சேரவில்லை, குற்றப்பத்திரிகை நகல் இன்னும் கொடுக்கவில்லை, எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்) வரவில்லை. எதிரி வராவிட்டால் அவர் வக்கீல் அன்றைக்கு மட்டும் விலக்குக் கேட்டு மனுப் போடுவார். பழைய பழக்கத்தில் இன்னும் முந்தைய சட்டத்தின் பிரிவு எண்ணை வைத்து '317' என்றே சொல்வார்கள். 2024 ஜூலை 1 முதல் அது 355ஆம் பிரிவு. மனுவும் இல்லை என்றால் பிடிவாரண்ட்.

நிஜமான விசாரணை பெரும்பாலும் 12 மணிக்கு மேல்தான். எந்த சி.சி. எண்ணில் (நடுவர் மன்ற வழக்கு எண்) சாட்சி இருக்கிறது என்று வாசலில் ஒட்டியிருக்கும் பட்டியலிலோ இ-கோர்ட்ஸ் செயலியிலோ முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொண்டால் நேரம் வீணாகாது. கொலை வழக்கை எதிர்பார்க்காதீர்கள், அது மேலே உள்ள செசன்ஸ் கோர்ட்டுக்குப் போய்விடும். முதல் வகுப்பு நடுவர் விதிக்கக்கூடியது 3 ஆண்டு சிறை வரைதான்.

நம் பக்கம் கவனிக்க வேண்டியது பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளில் நடக்கும் திருட்டு வழக்குகள். வீட்டுக்காரர் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார். பித்தளைப் பாத்திரத்தையும் மரச் சிற்பத்தையும் 'இது எங்கள் வீட்டுப் பொருள்' என்று அவர் கூண்டில் ஏறி அடையாளம் காட்ட வேண்டும். என்னென்ன இருந்தன என்ற பட்டியலோ பழைய படமோ இல்லாவிட்டால் குறுக்கு விசாரணையில் தடுமாறிப் போவார். அடுத்து மகஜர் சாட்சி, அதாவது போலீஸ் பொருளைக் கைப்பற்றியபோது எழுதிய பதிவில் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டவர். 'கையெழுத்து என்னுடையது, பொருளை எடுத்ததைப் பார்க்கவில்லை' என்று அவர் சொன்னால், அரசு வக்கீல் அவரைப் பிறழ் சாட்சியாக (தன் தரப்புக்கு எதிராக மாறிய சாட்சியாக) அறிவிக்கக் கேட்பார். வழக்கு பலவீனமாவது பல நேரம் அந்த ஒரு வரியில்தான்.

சாட்சி சொல்வதைத் தட்டச்சர் தமிழில் பதிகிறார். முடிந்ததும் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குவார்கள். தவறு இருந்தால் சாட்சி அப்போதே சொல்ல வேண்டும். பலர் கூச்சத்தில் தலையாட்டிவிடுகிறார்கள், அது கேட்கவே வருத்தமாக இருக்கும்.

மாலை வரை இருந்தால் ரிமாண்டையும், அதாவது கைதானவரைக் காவலில் வைக்க உத்தரவிடுவதையும், பார்க்கலாம். கைதானவரை 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும். உடம்பில் காயம் உண்டா, கைதான விவரம் உறவினருக்குச் சொல்லப்பட்டதா, வக்கீல் இருக்கிறாரா என்று நடுவர் கேட்கும்போது, போலீஸ்காரர் பக்கத்தில் நிற்க அந்த ஆள் எப்படிப் பதில் சொல்கிறார் என்று பாருங்கள்.