14-லிருந்து 16, அப்புறம் 15: என் ஸ்விஃப்ட்டின் மைலேஜ் கணக்கு

பொங்கல் முடிந்த கையோடு ஆரம்பித்தேன், இப்போது ஆடி மாதம், நோட்டில் எட்டுப் பக்கம் ஓடிவிட்டது. வண்டி ஸ்விஃப்ட் பெட்ரோல், கீழ் வேரியன்ட், 165/80 R14 டயரும் ஸ்டீல் ரிம்மும் (டயர் அகலம் 165 மில்லிமீட்டர், பக்கச் சுவரின் உயரம் அதில் 80 சதவீதம், ரிம் 14 இன்ச்). தினமும் தக்கலையிலிருந்து வில்லுக்குறி, சுங்கான்கடை, பார்வதிபுரம் பாலம் வழியாக நாகர்கோவில், சாயங்காலம் அதே வழியில் திரும்ப, மாதம் ஏறத்தாழ 1000 கிலோமீட்டர். 16 இன்ச் அலாய் சக்கரம் போட வேண்டும் என்பது ரொம்ப நாள் ஆசை. போட்டால் மைலேஜ் அடிபடும் என்று எல்லாரும் சொன்னார்கள், எவ்வளவு என்று கேட்டால் ஒருவர் லிட்டருக்கு 1 கிலோமீட்டர் என்றார், இன்னொருவர் 4 என்றார், அளந்து பார்த்த ஒருவரும் கிடைக்கவில்லை. சரி, நாமே அளப்போம்.

முறை எளிது. ஒரே பங்க், ஒரே பம்ப், டேங்க் நிரம்பி பம்ப் தானாக நிற்கும் முதல் ஆட்டோ கட்டோடு நிறுத்துவது, 500 கிலோமீட்டர் வாக்கில் ஓட்டி மறுபடி அதே இடத்தில் நிரப்புவது. வாரம் ஒரு முறை காலையில் டயர் சூடாகும் முன் காற்று பார்ப்பது, எல்லாவற்றிலும் 33 பிஎஸ்ஐ. தை, மாசி, பங்குனியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் மழை. நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு, நனைந்த ரோட்டில் டயர் தண்ணீரைத் தள்ளிக்கொண்டே உருள வேண்டும், அதற்கும் பெட்ரோல் போகும், அந்த மாதங்களில் எடுத்த கணக்கை வைத்து எதையும் ஒப்பிட முடியாது.

பழைய டயரில் இரண்டு டேங்க், லிட்டருக்குக் கிலோமீட்டர் கணக்கில்: 19.7, 19.5. சராசரி 19.6.

அப்புறம் 16 இன்ச் அலாய், 205/55 R16. மாட்டும் முன் ஒரு சக்கரத்தை அப்பா ரப்பர் ஷீட் போடும் கடைக்குத் தூக்கிக்கொண்டு போய்த் தராசில் வைத்தேன். 18.4 கிலோ. பழைய ஸ்டீல் ரிம்மும் டயரும் சேர்ந்து 13.9. ஒரு சக்கரத்துக்கு 4.5 கிலோ, நாலுக்கு 18 கிலோ. அலாய் என்றாலே எடை குறைவு என்று நானும் நம்பியிருந்தேன். ஒரே அளவில் நல்ல அலாய்க்கு அது உண்மையாக இருக்கலாம், ஆனால் இரண்டு இன்ச் பெரிதாகவும் அகலமாகவும் வார்த்தால் எடை கூடத்தான் செய்யும்.

முதல் மூன்று டேங்க்: 17.4, 17.7, 17.7. சராசரி 17.6. அதாவது 10 சதவீதத்துக்குச் சற்று மேல் போய்விட்டது. ஆனால் இந்த எண்ணை அப்படியே எழுதி முடித்திருந்தால் தப்பாகியிருக்கும், இந்த முயற்சியில் நான் கற்றுக்கொண்ட முக்கியமான விஷயமே அதுதான், ஏனென்றால் மீட்டர் டயரின் அளவை அறியாது. சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்பதைத்தான் அது கிலோமீட்டராக மாற்றுகிறது. பழைய டயரின் விட்டம் கணக்குப்படி 619.6 மில்லிமீட்டர், புதியது 631.9, கிட்டத்தட்ட 2 சதவீதம் பெரிது. ஒரு சுற்றுக்கு வண்டி 2 சதவீதம் கூடுதல் தூரம் போகிறது, மீட்டரோ பழைய தூரத்தையே எழுதுகிறது. டாஷ்போர்டில் தெரியும் மைலேஜும் இதே கணக்கில் வருவதுதான், அதை நம்பியும் பயனில்லை.

ஏட்டுக் கணக்கு மட்டும் போதாது என்று காவல்கிணறு தாண்டி நாங்குநேரிப் பக்கம் போகும் நான்கு வழிச் சாலையில் 20 கிலோமீட்டர் போய்த் திரும்பி வந்தேன், போனில் ஜிபிஎஸ் ஓடவிட்டு. பழைய டயரில் முன்பே எடுத்து வைத்திருந்தேன்: ஜிபிஎஸ் 40, மீட்டர் 40.3. புதியதில் ஜிபிஎஸ் 40, மீட்டர் 39.5. வகுத்தால் அதே 2 சதவீதம். ஆக 17.6 என்பது உண்மையில் 17.95. நிஜ இழப்பு 8.4 சதவீதம். மாதம் 1000 கிலோமீட்டருக்கு 4.7 லிட்டர் கூடுதல், லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தாலே 470 ரூபாய். இதே தப்பு எதிர்ப்பக்கமும் நடக்கும்: விட்டம் குறைந்த டயர் போட்டவருக்கு மைலேஜ் கூடியது போலத் தெரியும், கூடியிருக்காது.

அந்த 8.4 எங்கே போனது? எடை என்றுதான் முதலில் நினைத்தேன். சுற்றும் எடை சும்மா டிக்கியில் வைத்த எடை மாதிரி இல்லை, அதை முன்னால் தள்ளவும் வேண்டும், சுழற்றவும் வேண்டும், விளிம்பில் இருக்கும் எடையானால் அதிகபட்சம் இரண்டு மடங்காகக் கணக்கில் வரும். 18 கிலோ 36 ஆனது என்றே வைப்போம், 900 கிலோவுக்குச் சற்றுக் குறைவான வண்டியில் அது 4 சதவீதம். அதுவும் வேகம் எடுக்கும்போது மட்டும், ஒரே சீராக ஓடும்போது எடைக்கு அவ்வளவு வேலை இல்லை. ஆகவே எடை மட்டும் 8 சதவீதத்தைத் தின்ன முடியாது.

மீதிக்கு விடை மெக்கானிக் அண்ணன் சொன்னதில் கிடைத்தது. ஷெட்டில் வண்டியைக் கையால் தள்ளி நகர்த்தியவர், "மக்கா, முன்ன மாதிரி உருளல்ல, கவனிச்சியா?" என்றார். ரப்பர் தரையில் அழுந்தி மறுபடி நிமிரும்போது, அழுத்தச் செலவான சக்தியை முழுசாகத் திருப்பித் தராது, கொஞ்சம் சூடாகப் போய்விடும். எவ்வளவு போகும் என்பது ரப்பர் கலவையையும் டயரின் கட்டுமானத்தையும் பொறுத்தது. அகலம் கூடினாலே இது கூடும் என்று ஒரே வரியில் சொல்ல முடியாது, நான் வாங்கியது பிடிமானத்துக்காகச் செய்த மென்மையான கலவை, அதனால் கூடியது. ரப்பர் பால் வெட்டுகிற வீட்டில் பிறந்து வளர்ந்தும் டயர் வாங்கும்போது கலவையைப் பற்றி ஒரு கேள்வி கேட்கத் தோன்றவில்லை, இனி கேட்பேன். இதோடு காற்று வேறு: 165 இருந்த இடத்தில் 205, முன்னால் நின்று காற்றை வாங்கும் அகலம் கூடிவிட்டது. வில்லுக்குறி நெரிசலில் அது ஒன்றும் செய்யாது, 80, 90-இல் போகும்போது நன்றாகவே செய்யும், காற்றின் தடை வேகத்தின் வர்க்கமாகக் கூடுவதால்.

நாலாவது டேங்க் காற்றை 36 ஆக்கி ஓட்டினேன். மீட்டரில் 17.9. கொஞ்சம் மீண்டது, ஆனால் ஒவ்வொரு குழியும் முதுகில் தெரிந்தது. அந்த டேங்கிலேயே ஒரு குழியில் முன் இடது டயர் இறங்கி, பக்கவாட்டில் முட்டை போல ஒரு பல்ஜ். பழைய டயரின் பக்கச் சுவர் 132 மில்லிமீட்டர் உயரம், இதில் 113 கூட இல்லை, அடி வாங்க இடம் குறைவு. பல்ஜ் வந்த டயரை ஒட்டிச் சரி செய்ய முடியாது, மாற்றத்தான் வேண்டும். அன்றைக்கே கழற்றிவிட்டேன். நாலாயிரம் ஐயாயிரம் போனது வலிக்கத்தான் செய்தது, ஆனால் வேகத்தில் போகும்போது அது வெடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் வயிறு கலங்குகிறது.

சித்திரையில் 15 இன்ச்சுக்கு இறங்கினேன். 185/65 R15, இதே ஸ்விஃப்ட்டின் மேல் வேரியன்ட்டில் கம்பெனியே தரும் அளவு. இன்னொரு காரணமும் உண்டு: கம்பெனி குறித்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு சொல்கிறது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் கேரள வழக்கு ஒன்றில் அதையே சொன்னது. களியக்காவிளை எல்லை தாண்டிக் கேரளாவுக்கு அடிக்கடி போகிறவனுக்கு இந்த நிம்மதி தேவை. எடை 15.3 கிலோ. விட்டம் 621.5, பழையதற்கு இதற்கு வித்தியாசம் 0.3 சதவீதம்தான், மீட்டரைத் திருத்த வேண்டிய அவசியமே இல்லை. இந்த முறை கலவை கேட்டு, குறைந்த உருளல் எதிர்ப்பு உள்ளதாக வாங்கினேன். இரண்டு டேங்க்: 18.9, 19.1. பழையதைவிட 3 சதவீதம் குறைவு, வளைவில் வண்டி ரோட்டைப் பிடித்து நிற்பதோ பழையதைவிடப் பல மடங்கு நன்றாக இருக்கிறது. எனக்கு இந்தப் பேரம் சம்மதம்.

ஆனியில் திருநெல்வேலி போய் வந்த டேங்க் ஒன்று 17.8 காட்டியது, அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. ஆரல்வாய்மொழிக் கணவாயில் அந்த மாதங்களில் மேற்கிலிருந்து அடிக்கும் காற்று, காற்றாலைகளை அங்கே நட்டு வைத்ததற்கே காரணமான காற்று. போகும்போது பின்னால் தள்ளியது, திரும்பும்போது முகத்தில் அடித்தது. போகும்போது லாபம், வரும்போது நஷ்டம், சமமாகிவிடும் என்று தோன்றும், ஆகாது, எதிர்க்காற்றில் இழப்பது எப்போதும் அதிகம்.

இதே மாற்றம் செய்யப் போகிறவர்கள் ஸ்டெப்னியையும் பாருங்கள். 16 இன்ச் ஓட்டிய நாட்களில் டிக்கியில் கிடந்தது பழைய 14, விட்டம் 12 மில்லிமீட்டர் குறைவு, முன் சக்கரத்தில் மாட்டினால் நேராகப் போகும்போதும் டிஃபரன்ஷியல் (எஞ்சின் சுழற்றும் இரண்டு முன் சக்கரமும் வளைவில் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் பல்சக்கர அமைப்பு) சும்மா இருக்காது. அப்படி மாட்ட நேர்ந்தால் அதைப் பின்னால் போட்டு, பின் சக்கரத்தை முன்னால் கொண்டுவருவது நல்லது. இப்போது 15-க்கும் அதே 14 ஸ்டெப்னிதான், வித்தியாசம் 2 மில்லிமீட்டர், பங்க்சர் கடை வரை கவலை இல்லாமல் ஓட்டலாம்.