அப்சர்ட் செய்த வேலை

சுங்கை சிப்புட்டில் எங்கள் தோட்டத்துக் கோவில் வலைத்தளத்தின் டிஎன்எஸ், அதாவது தளப்பெயருக்கான இணையப் பதிவேடு, என் பொறுப்பு. அதை வைத்திருக்கும் அமேசானின் ரூட் 53 சேவைப் பக்கத்தில் ஒவ்வொன்றாகக் கிளிக் செய்ய அலுப்பாக இருந்ததால், அமேசான் சேவைகளை இயக்கும் போட்டோ3 நூலகத்தை வைத்துப் பைத்தானில் பத்து வரி எழுதி, ஒட்டுக்கடையில் தே தாரிக் ஆறுவதற்குள் டிஎக்ஸ்டி எனும் எழுத்துப் பதிவில் புது மதிப்பு ஒன்றைச் சேர்த்தேன். சேர்த்ததாகத்தான் நினைத்தேன். நான் கொடுத்தது அப்சர்ட், அதாவது பதிவு இல்லையென்றால் உருவாக்கும், இருந்தால் மாற்றிவிடும் கட்டளை. அதைக் கொடுத்தால் அதே பெயர், அதே வகைப் பதிவில் இருந்த பழைய மதிப்புகள் எல்லாம் போய்விடும். எங்கள் பெயரில் மின்னஞ்சல் அனுப்ப எந்த சர்வர்களுக்கு அனுமதி என்று சொல்லும் எஸ்பிஎஃப் வரியும் போனது, திருவிழா அழைப்பு பலருக்கு ஸ்பேமில் விழுந்தது.

"தம்பி, என்னப்பா பண்ணி வச்ச?" என்றார் தலைவர்.

உடனே திருத்தினேன். ஆனால் டிடிஎல், அதாவது மற்ற சர்வர்கள் பதிவைச் சேமித்து வைத்திருக்கக்கூடிய நேரம், 86400 விநாடி, அதாவது முழுசாக ஒரு நாள். தப்பான பதிவைச் சேமித்து வைத்திருந்த சர்வர்கள் அதுவரை அதையே சொல்லிக்கொண்டிருக்கும். இப்போது முதலில் பழைய மதிப்புகளை எடுத்து, புதியதையும் சேர்த்தே அனுப்புகிறேன். டிடிஎல் 300 விநாடிதான்.