ஒரே வாரம், ரெண்டு ஹெச்பிஏ1சி

ஒரே வாரத்துல ரெண்டு லேப்ல ஹெச்பிஏ1சி (சிவப்பணுல இருக்குற ஹீமோகுளோபின்ல எவ்ளோ சர்க்கரை ஒட்டியிருக்குன்னு சொல்ற ரத்த டெஸ்ட்) பாத்தேன், ஒண்ணு 6.8, இன்னொண்ணு 7.3, எதை நம்புறதுன்னு குழம்பிப்போய் ரிப்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பாத்தப்பதான் கீழ பொடி எழுத்துல 'மெத்தட்'னு ஒரு வரி கண்ணுல பட்டுச்சு. ஒண்ணு ஹெச்பிஎல்சி, இன்னொண்ணு இம்யூனோஅஸ்ஸே. முதலாவது ஹீமோகுளோபினை மின்னேற்றத்தை வச்சு தனித்தனியா பிரிச்சு அளக்குது, அதனால வேற வகை ஹீமோகுளோபின் இருந்தா பெரும்பாலும் கிராஃப்ல தனி மேடா தெரிஞ்சுடும். மத்ததுல, அதாவது இம்யூனோஅஸ்ஸேல, ஆன்டிபாடி ஹீமோகுளோபினோட சர்க்கரை ஒட்டின நுனியைப் பிடிக்குது, அவ்ளோதான். போரோனேட்னு மூணாவது மெத்தட் ஒண்ணும் இருக்கு, அது எந்த வகை ஹீமோகுளோபின்னு பெருசா கண்டுக்காது. ஆனா சிவப்பணுவோட ஆயுசே, அதாவது சுமார் 120 நாள், குறைஞ்சுபோச்சுன்னா, சர்க்கரை ஒட்ட நேரம் பத்தாம எந்த மெஷினா இருந்தாலும் நம்பர் கம்மியாத்தான் வரும், அப்போ ஃப்ரக்டோசமைன் (ரத்தத்துல இருக்குற புரதத்துல ஒட்டின சர்க்கரையை அளக்குற டெஸ்ட்) பாப்பாங்க, அது கடைசி 2-3 வாரக் கணக்கு. நான் இனி ஒரே லேப்தான்பா.