கவனக்குறைபாட்டு மாத்திரையும் நான் அலைந்த அலைச்சலும்

எதையும் மறந்துபோகிறவனுக்கு ஒரு மருந்து எழுதிக்கொடுத்துவிட்டு, மாதாமாதம் மறக்காமல் புதுச் சீட்டு வாங்கி, தேதி தவறாமல் நேரில் வந்துதான் மருந்தை வாங்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். இந்த ஏற்பாட்டை யோசித்தவருக்கு ஏடிஹெச்டி, அதாவது என்னிடம் இருக்கிற இந்தக் கவனக்குறைபாடு, இல்லை, அது மட்டும் நிச்சயம்.

பரிசோதனை எல்லாம் இரண்டு சந்திப்பில் முடிந்துவிட்டது. 12 வயதுக்கு முன்பே அறிகுறிகள் இருந்தனவா என்று பார்ப்பார்கள், பழைய ரிப்போர்ட் கார்டு இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

தொல்லை மாத்திரையில்தான் தொடங்கியது. எனக்கு எழுதியது மெத்தில்ஃபெனிடேட், கவனத்தைக் கூட்டும் ஊக்கி வகை மருந்து. என் அக்காவும் அதைத்தான் சாப்பிடுகிறாள். முதல் நாளே, மூன்று வருடமாகப் பிரிக்காமல் கிடந்த கடிதக் கட்டை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பதில் எழுதினாளாம். அதைக் கேட்டுவிட்டு நானும் அப்படியே எதிர்பார்த்தேன். எனக்கு நாக்கு வறண்டது, நெஞ்சு படபடத்தது, அப்புறம் அன்று முடிக்க வேண்டிய வேலையை விட்டுவிட்டு கம்ப்யூட்டரில் இருந்த ஃபோல்டர்களுக்கெல்லாம் மூன்று மணி நேரம் பெயர் மாற்றிக்கொண்டிருந்தேன். கவனம் வந்தது உண்மை, எதன்மேல் வர வேண்டும் என்பதை மாத்திரை பார்த்துக்கொள்ளாது. அதனால் இப்போதெல்லாம் செய்ய வேண்டிய வேலையை முன்னால் எடுத்து வைத்துவிட்டுத்தான் மாத்திரையைப் போடுகிறேன்.

உடனே கரையும் வகை மூன்று, நான்கு மணி நேரம்தான் நிற்கும். அது இறங்கும்போது எனக்கு வந்த எரிச்சல் இருக்கிறதே, கதவைச் சாத்தாமல் போனதற்காக ஒருவரிடம் கத்திவிட்டு அரை மணி நேரம் கழித்து மன்னிப்புக் கேட்டேன். மருத்துவரிடம் சொன்னதும் மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றினார். அவர் வாயால் சொன்னது மெதுவாகக் கரையும் வகை, சீட்டில் எழுதியது மருந்தின் பெயரும் மில்லிகிராமும் மட்டும்.

மருந்துக்கடைக்காரர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எந்த வகைன்னு போடலையே, தர முடியாது" என்றார். கெஞ்சிப் பார்த்தேன், அசையவில்லை. அவரைக் குறை சொல்லியும் பயனில்லை, மனத்தைப் பாதிக்கும் மருந்துகளைக் கட்டுப்படுத்தும் 1971 ஐ.நா. உடன்படிக்கையில் இரண்டாம் பட்டியலில் இருக்கிற மருந்து இது, கணக்கில் ஒரு மாத்திரை இடித்தாலும் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். ஆனால் அவர் என்னைப் பார்த்த பார்வை, ஏதோ திருட வந்தவனைப் பார்ப்பது போல, அதற்கு எந்த உடன்படிக்கையிலும் இடமில்லை. மருத்துவரோ விடுப்பில் போயிருந்தார். ஐந்து நாள் மருந்தில்லாமல் தூங்கி வழிந்தேன். அக்கா தன்னுடையதைத் தருகிறேன் என்றாள், வேண்டாம் என்றுவிட்டேன். அவளுடைய அளவு வேறு, பல நாடுகளில் அது குற்றமும்கூட. சீட்டை வாங்கியதும் எழுந்துவிடாதீர்கள். மருந்து, வகை, அளவு, எத்தனை நாளுக்கு, தேதி, கையெழுத்து, எல்லாம் இருக்கிறதா என்று மருத்துவர் எதிரிலேயே படித்துப் பாருங்கள்.

அடுத்த மாதம் வேறொரு கூத்து. கடையில் வேறு கம்பெனி மாத்திரையைக் கொடுத்தார்கள், அதே பெயர், அதே மில்லிகிராம். ஆனால் மதியத்துக்குள்ளேயே அதன் வேலை தீர்ந்துபோனது. என் கற்பனை என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, 2014-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே இப்படிப்பட்ட இரண்டு நகல் (ஜெனரிக்) மாத்திரைகளை அசலுக்கு ஈடாகத் தரலாம் என்ற தகுதியிலிருந்து இறக்கியிருக்கிறது. கரையும் விதம் மாறினால் நம் பொழுதே மாறிவிடுகிறது. அதே காரணத்தால்தான் மெதுவாகக் கரைகிற மாத்திரையை உடைக்கவோ மெல்லவோ கூடாது. அளவைக் குறைக்கலாம் என்று நான் ஒன்றைப் பாதியாக உடைத்துப் போட்டு, அன்று முழுக்க நாடியைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

கடைசியில் எனக்கு ஒத்துப்போனது லிஸ்டெக்ஸ்ஆம்ஃபெட்டமின் என்ற இன்னொரு ஊக்கி மருந்து. உடம்புக்குள் போய், ரத்தத்தில்தான் வேலை செய்யும் மருந்தாக மாறுகிறது, அதனால் ஏற்றமும் இறக்கமும் மெதுவாக இருக்கின்றன. அதே மருந்தில் என் நண்பன் ஒருவனுக்கு இரண்டு வாரம் தூக்கமே இல்லை. அவன் இப்போது அட்டோமாக்ஸெடின் என்ற வேறொரு மருந்தில் இருக்கிறான். அது ஊக்கி வகை இல்லை, பலன் தெரியவே பல வாரம் ஆனது, ஆனால் தூங்குகிறான். அக்காவைக் கேட்டால் தன் மாத்திரைதான் உசத்தி என்பாள்.

மருத்துவரிடம் "பரவாயில்லை சார்" என்று சொல்லிச் சொல்லியே இரண்டு மாதம் வீணாக்கினேன். பிறகு ஒரு நோட்டு போட்டேன்: எத்தனை மணிக்குப் போட்டேன், எப்போது ஏறியது, எப்போது இறங்கியது, தூக்கம், நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம். அதைக் காட்டிய அன்று பத்தே நிமிடத்தில் அளவைச் சரிசெய்தார். நோட்டை எங்கே வைத்தேன் என்று தேடுவது தனிக் கதை, இப்போது மாத்திரை டப்பாவோடு ரப்பர் பேண்டில் கட்டி வைத்திருக்கிறேன்.

இந்த மாதம் சீட்டில் குறையில்லை, கடையில் கேள்வியும் இல்லை. மதியப் பசி மட்டும் இன்னும் வரவில்லை. எடை இரண்டு கிலோ இறங்கியிருக்கிறது, அடுத்த சந்திப்பில் கேட்க எழுதி வைத்திருக்கிறேன்.