பழைய சாமான் எங்கே?

புரோட்டோன் சாகா காடிக்கு ஆட்டோ கியர் எண்ணெய் வேண்டும் என்று ஒருவர் கவுண்டர் முன் வந்து நிற்கிறார். 1985-இல் தொடங்கி இன்றுவரை அந்தப் பெயரில் எத்தனையோ காடிகள் வந்துவிட்டன. 2016-இல் வந்த சாகாவில் ஆட்டோ என்றால் அது சிவிடி. 2019 ஆகஸ்டில் முகத்தைக் கொஞ்சம் மாற்றி, உள்ளே ஹுண்டாயின் 4 கியர் ஆட்டோவை வைத்தார்கள். சாலையில் பார்க்கிறவருக்கு இரண்டும் ஏறக்குறைய ஒரே காடிதான். கியர் பெட்டிக்கு அப்படி இல்லை. சிவிடிக்குள் ஓர் இரும்பு பெல்ட் இரண்டு புல்லிகளுக்கு நடுவே பிடித்துக்கொண்டு ஓடுகிறது. அந்தப் பிடிப்பைக் கொடுப்பதற்கென்றே செய்த எண்ணெய்தான் அதற்கு ஆகும். சாதாரண ஆட்டோ எண்ணெயை ஊற்றினால் பெல்ட் வழுக்கும், புல்லியில் கோடு விழும். பிறகு பெட்டியையே மாற்ற வேண்டிய செலவு.

ஆகவே கவுண்டரில் நிற்பவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி "எந்த வருஷம் அண்ணே, சிவிடியா நாலு கியரா?" என்பது. பல கிளைகள் வைத்திருக்கும் பெரிய கடைகளில் இந்தக் கேள்வி எப்போதும் வருவதில்லை. திரையில் "சாகா" என்று தட்டுகிறார்கள், மூன்று போத்தல் படம் வருகிறது, கையிருப்பில் இருப்பதை எடுத்து வைக்கிறார்கள். கவுண்டரில் நிற்கும் பையனை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அவனுக்குப் பில் போடவும், வைப்பரும் வாசனை டப்பாவும் சேர்த்து விற்கவும் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். சாமானைக் கையில் வாங்கிப் பார்த்து அடையாளம் சொல்ல யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கொஞ்சம் தெரிந்துகொள்வதற்குள் அவனை வேறு கிளைக்கு மாற்றிவிடுகிறார்கள்.

பேரா மாநிலத்தின் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டங்கள் சூழ்ந்த ஊரில் இந்தக் குறை இரட்டிப்பாக வலிக்கும். எல்பில் பக்கமிருந்தோ அதைவிட உள்ளே இருக்கும் தோட்டத்திலிருந்தோ வருகிறவர் மோட்டரில் வருகிறார், அல்லது யாரிடமாவது காடி கேட்டு வருகிறார். சாமான் பொருந்தாவிட்டால் மறுபடி ஒரு நடை. 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. 26 நாள் வேலை என்று வைத்தால் ஒரு நாளைக்கு 65 வெள்ளி சொச்சம். ஒரு நாள் வேலை போனால், கடை கொடுக்கும் பத்து விழுக்காடு கழிவெல்லாம் எந்த மூலைக்கு?

திரையில் வரும் பட்டியலுக்கு இன்னொரு பலவீனம் உண்டு. அது தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த அன்றைய காடியை மட்டும்தான் அறியும். தோட்டத்தில் ஓடும் காடியோ மூன்றாவது, நான்காவது கை. புரோட்டோன் விராவில், பழைய காடிகளை அறுத்து விற்கும் பொத்தோங் கடையிலிருந்து வந்த எஞ்சின் இருக்கும். ரிம் மாறியிருக்கும், பிரேக் மாறியிருக்கும். நம்பர் பிளேட்டைச் சொன்னால் பதிவு எப்போது ஆனது என்று ஊகிக்கலாம், அவ்வளவுதான். டிசம்பரில் செய்த காடி அடுத்த வருஷம் பதிவாகியிருக்கலாம். காடியின் பதிவு அட்டையான கிராணில் செய்த ஆண்டும் சேசிஸ் எண்ணும் இருக்கும். சேசிஸ் எண் பிஎல்1 என்று தொடங்கினால் புரோட்டோன், பிஎம்2 என்றால் பெரோடுவா. கிராணைப் படம் எடுத்து கைப்பேசியில் வைத்துக்கொண்டால் பாதி வாக்குவாதம் குறையும்.

மீதிப் பாதிக்குப் பழைய சாமான் வேண்டும். "அங்கிள், பழசு கொண்டு வந்தீங்களா?" என்று கேட்கிற கடைதான் உருப்படியான கடை. "அது எதுக்கு, மோட்டர் பேரைச் சொல்லுங்க போதும்" என்கிற இடத்தில் உஷாராக இருக்க வேண்டும்.

மோட்டரின் பின் சக்கர பேரிங்கையே எடுத்துக்கொள்வோம். செம்மண் சேறும் உர மூட்டை ஏற்றிய கனமும் சேர்ந்து முதலில் சாகடிப்பது இதைத்தான். பழைய பேரிங்கை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்தால் ஓரத்தில் நான்கு எண்கள் தெரியும். 6201 என்றால் உள் துளை 12 மில்லிமீட்டர், வெளி வட்டம் 32, தடிப்பு 10. 6301 என்றால் உள் துளை அதே 12, வெளி வட்டம் மட்டும் 37, தடிப்பும் 12. எக்சலைச் செருகிப் பார்த்தால் இரண்டுமே சரியாகப் போகும். அதை வைத்து "பொருந்துது" என்று வாங்கிப்போனால் வீட்டில்தான் விஷயம் தெரியும், சின்னது என்றால் சக்கரத்துக்குள் லொடலொடவென்று ஆடும், பெரியது என்றால் உள்ளேயே போகாது. கடைசி இரண்டு எண்தான் உள் துளை: 01 என்றால் 12, 02 என்றால் 15, 03 என்றால் 17, 04-லிருந்து ஐந்தால் பெருக்கிக்கொள்ளலாம். பின்னால் 2ஆர்எஸ் என்று இருந்தால் இரண்டு பக்கமும் ரப்பர் மூடி, இசட்இசட் என்றால் தகரம். தோட்டச் சேற்றுக்கு ரப்பர்தான். தகர மூடி தூசியை ஓரளவு தடுக்கும், தண்ணீரைத் தடுக்காது.

இங்கே கடைக்காரர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. "ஒரே வாரத்துல போச்சு" என்று திரும்பி வரும் பேரிங்குகளில் பல, பொருத்தும்போதே கெட்டவை. புது பேரிங்கின் உள் வளையத்தில் சுத்தியலால் தட்டினால் அந்த அடி முழுவதும் குண்டுகள் வழியாகத்தான் போகும், தடத்தில் குழி விழும். வெளி வளையத்தின் மேல் பழைய பேரிங்கையோ அதே அகல சாக்கெட்டையோ வைத்து, சுற்றிச் சுற்றித் தட்டி இறக்க வேண்டும். இரண்டு பேரிங்குகளுக்கு நடுவே இருக்கும் இரும்புக் குழாயை மறந்து விட்டுவிட்டால், எக்சல் நட்டை முறுக்கும்போது பேரிங் பக்கவாட்டில் நெருக்குப்படும். எந்த நாட்டுப் பேரிங் போட்டாலும் நிற்காது. இதை விற்கும்போதே ஒரு வார்த்தை சொல்லலாம். அரை நிமிஷம் ஆகாது. சொல்லாமல் அனுப்பிவிட்டு, திரும்பி வந்ததும் "கஸ்டமர் தப்பு" என்பதில்தான் எரிச்சல் வருகிறது.

பெல்ட்டுக்கு இவ்வளவு தொல்லை இல்லை. முதுகில் 4பிகே என்றும் அதன் பின்னால் ஓர் எண்ணும் அச்சாகியிருக்கும். நான்கு வரி, மில்லிமீட்டரில் நீளம். அழிந்துபோனால் நூலைச் சுற்றி அளந்தால் கிட்டத்தட்ட வந்துவிடும். ஆயில் சீலிலும் மூன்று எண்கள்: உள்ளளவு, வெளியளவு, தடிப்பு.

எண்ணெய் பில்டர்தான் ஆபத்தானது, ஆனால் யாரும் அதைச் சாமானாகவே மதிப்பதில்லை. வெளி உருவம் ஒன்றுபோல் இருக்கும் இரண்டு பில்டர்களில் ஒன்றின் மரை 20 மில்லிமீட்டர், இன்னொன்று முக்கால் அங்குலம், அதாவது 19.05. முக்கால் அங்குலக் குழாயில் 20 மில்லிமீட்டர் பில்டர் ஏறிவிடும், இறுகுவது போலவும் காட்டும். எண்ணெய் அழுத்தம் ஏறியதும் பிடுங்கிக்கொண்டு வந்தால் எண்ணெய் முழுக்க நெடுஞ்சாலையில். பழைய பில்டரைப் பக்கத்தில் வைத்து ரப்பர் வளையத்தின் அகலத்தையும் மரையையும் ஒப்பிடாமல் வாங்கக் கூடாது. மரையில் கை வைத்துப் பார்த்தால் லேசாக ஆட்டம் தெரிந்தாலே வேண்டாம்.

மோட்டருக்கு மிஞ்ஞாக் ஹீத்தாம், அதாவது எஞ்சின் எண்ணெய், கேட்டால், காடி எண்ணெய் மலிவு விலையில் இருக்கிறது என்று அதைத் தள்ளிவிடுவதும் நடக்கிறது. மோட்டர் கிளட்ச் எண்ணெயிலேயே மூழ்கியிருக்கும்; எரிபொருள் மிச்சப்படுத்தும் காடி எண்ணெயில் வழுக்கலுக்காகச் சேர்க்கும் மருந்து கிளட்ச்சையும் வழுக்க வைக்கும். போத்தலின் பின்புறம் ஜாசோ எம்ஏ என்று இருக்க வேண்டும். பழைய கார்புரேட்டர் ஹோண்டா இஎக்ஸ்5-க்கு எண்ணெய் மாற்ற 0.7 லிட்டர் போதும், போத்தலில் மிச்சம் இருக்கிறதே என்று எல்லாவற்றையும் ஊற்ற வேண்டாம்.

பேட்டரி விஷயத்தில் சண்டை பெரும்பாலும் பெயரால் வருகிறது. என்எஸ்60எல் கேட்டவருக்கு 46பி24எல் கொடுத்தால் ஏமாற்றுகிறார்கள் என்று நினைக்கிறார். இரண்டும் ஒரே அளவுப் பெட்டிதான், ஒன்று பழைய பெயர், ஒன்று புதுப் பெயர். 24 என்பது சென்டிமீட்டரில் சுமார் நீளம், கடைசி எழுத்து முனைகள் எந்தப் பக்கம் என்பது. எல்லுக்குப் பதில் ஆர் வாங்கிப்போனால் வயர் எட்டாது. எட்ட வைத்து மாற்றி மாட்டினால் மெயின் பியூசும் ஆல்டர்னேட்டர் டயோடும் போகும். உண்மையில் கேட்க வேண்டியது அலமாரியில் எத்தனை மாதம் கிடந்தது என்பதை. மீட்டர் வைக்கச் சொல்லுங்கள்: 12.6 வோல்ட் என்றால் நிறைவு, 12.4-க்குக் கீழே என்றால் வேறு எடுக்கச் சொல்ல வேண்டும். மீட்டர் இல்லை என்கிற பேட்டரிக் கடையை என்னவென்று சொல்வது?

மின் சாமான் திரும்ப வாங்கமாட்டோம் என்று சுவரில் எழுதி ஒட்டியிருப்பார்கள். சென்சரையும் காயிலையும் ஊகத்தில் வாங்கி, மாட்டிப் பார்த்து, "இது இல்ல" என்று திருப்பிக் கொண்டுவருகிறவர்கள் அதிகம் என்பதால் வந்த விதி அது, அதில் ஞாயம் உண்டு. எஞ்சின் விட்டு விட்டு ஓடினால், ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக் காயில் உள்ள மைவி மாதிரிக் காடியில், வாங்குவதற்கு முன்பே பார்த்துவிடலாம். ஸ்கேனரில் பி0301 என்ற பிழைக் குறியீடு வந்தால் முதல் சிலிண்டர். அதன் காயிலை இரண்டாவதோடு இடம் மாற்றி, குறியீட்டை அழித்துவிட்டு ஓட்டுங்கள். குறியீடு பி0302 என்று மாறினால் காயில்தான் கெட்டது. முதல் சிலிண்டரிலேயே நின்றால் பிளக், வயர் சாக்கெட், இன்ஜெக்டர் என்று தேட வேண்டும். காசு செலவில்லாத சோதனை.

ஆனால் பெட்டியிலிருந்து எடுக்கும்போதே கெட்டிருக்கும் சாமானுக்கு அந்தச் சுவர் அறிவிப்பு செல்லாது. 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும். இதற்குத்தான் வேண்டும் என்று சொல்லி வாங்கினால் அதற்குப் பொருந்தவும் வேண்டும். கடை ஒரு பலகை எழுதி வைத்து அதிலிருந்து விலகிக்கொள்ள முடியாது. பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனுக் கட்டணம் 5 வெள்ளி, வக்கீல் தேவையில்லை, 50,000 வெள்ளிவரை கேட்கலாம். அதற்குச் சான்று வேண்டும். பில்லில் வெறும் பார்கோடு எண் மட்டும் இருந்தால் வாதம் நிற்காது. "சாகா 2018, சிவிடி" என்று பேனாவால் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் அவருக்கே சந்தேகம் என்று அர்த்தம். அந்தப் பில்லையும் அன்றைக்கே படம் எடுத்து வைக்க வேண்டும், சூட்டில் அச்சாகும் தாள் காடிக்குள் கிடந்தால் சில வாரத்தில் வெள்ளைத் தாள்தான்.

இல்லாத சாமானுக்கு ஈப்போ கிளையிலிருந்து நாளைக்கு வரும் என்பார்கள். முன்பணம் கட்டுவதற்கு முன் மூன்று விவரம் கேட்டுக்கொள்ள வேண்டும்: லோரி எத்தனை மணிக்கு வரும், பொருந்தாவிட்டால் முன்பணம் திரும்புமா, வந்ததும் யார் கூப்பிடுவார்கள். பழைய சாமானைக் கடையிலேயே விட்டுவிட்டு வராதீர்கள். அதைப் படம் எடுத்து ஈப்போவுக்கு அனுப்பச் சொல்லுங்கள். புதுசு வந்த பிறகு பக்கத்தில் வைத்துப் பார்க்க அது உங்கள் கையில் இருக்க வேண்டும்.