இருபது கொண்டை ஊசியும் ஆறாயிரத்து நானூறு ரூபாயும்

நாத்தனார் கல்யாணத்துக்குள் முகம் பளபளக்க வேண்டும். யாரும் சொல்லவில்லை, எனக்கே தோன்றிய விபரீதம். காலையில் பழைய தோலை உரிக்கும் கிளைகாலிக் ஆசிட், இரவில் வைட்டமின் ஏ வகையான ரெட்டினால், போதாததற்கு ஸ்க்ரப் வேறு. பத்தே நாளில் தோல் உரிந்து, வெறும் தண்ணீர் பட்டாலே மிளகாய்க் கை பட்டதுபோல எரிச்சல். சேலத்து வெயிலைச் சொல்லவே வேண்டாம்.

"என்ன கண்ணு, மூஞ்சி பழைய செவுராட்டம் பொரிஞ்சு கெடக்குது?" என்றார் அத்தை.

அவர் வாய்க்குச் சர்க்கரைதான் போட வேண்டும். மேல்தோல் சுவரேதானாம். செல்கள் செங்கல், நடுவில் செராமைடு என்ற கொழுப்பு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலம் சேர்ந்த சாந்து. அந்தச் சாந்தைத்தான் நான் சுரண்டி எடுத்திருக்கிறேன். இதையெல்லாம் விளக்கி, "கொலஸ்ட்ரால் கலந்த சீரம்ங்க, 30 மில்லி 6,400 ரூபாய்" என்றேன். முட்டை மஞ்சள்கரு மறுக்கப்பட்ட என் கணவர் நிமிர்ந்து பார்த்தார். "எங்கிட்ட கொலஸ்ட்ரால் 260 சும்மா கெடக்குதே, எடுத்துக்க."

வாங்கிவிட்டேன். மில்லி இருநூற்றுச் சொச்சம்! இரண்டாவது சொட்டு எடுக்கக் கை வரவில்லை.

மூன்றாம் நாள் ஏற்காட்டுக்குக் கிளம்பினோம். குப்பி என் கைப்பையில். பக்கத்து சீட் அம்மா ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுக்கும் எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டு வந்தார். நானோ, மடியிலிருந்த சிப்ஸ் பாக்கெட் பந்துபோல உப்புவதை ரசித்துக்கொண்டிருந்தேன். உயரம் ஏறினால் வெளிக்காற்றின் அழுத்தம் குறையும், அடைபட்ட காற்று விரியும். பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். அரைகுறையாகத் திருகிய குப்பிக்குள்ளும் காற்று இருக்குமே என்று அப்போது தோன்றவில்லை.

ஏரிக்கரையில் பையைத் திறந்தால் குப்பியில் பாதி காலி. விடுவேனா? பையின் உட்புறத்தை இரண்டு விரலால் வழித்து, பஸ் டிக்கெட் துணுக்கோடு கன்னத்தில் அப்பிக்கொண்டேன். கணவர் திரும்பி ஏரியில் படகு பார்த்தார்.

தோல் டாக்டர் சிரிக்காமல் கேட்டது பெரிய விஷயம். "ஆசிட், ரெட்டினால் எல்லாத்தையும் நிறுத்துங்க. வாசனை இல்லாத சாதாரண கிரீம், வெளிய போனா சன்ஸ்கிரீன். ஒரு மாசம் பொறுமையா இருங்க." கிரீம் 280 ரூபாய். எரிச்சல் அடங்கியது.

கல்யாணத்தில் என் முகத்தைப் பற்றி ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. உரிந்துகொண்டிருந்த அந்த ரெக்சின் பைதான், சீரம் ஊறிய பக்கம் மட்டும் மினுமினுவென்று இருந்தது. சின்ன மாமியார் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "புதுசா கண்ணு? எவ்வளவு?"

"ஆறாயிரத்து நானூறு," என்றார் கணவர்.